உடைசலுக்கு ஒரு அட்டை

சேலத்தில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் போன மழைக்காலத்தில் என்னைப் பார்க்க நாமக்கல்லுக்கு வந்திருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் கலைஞராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கலைஞருக்கு ஏது ஓய்வு என்று நீங்கள் கேட்கலாம். இனி ஏணி ஏற மாட்டோம் என்று என் முழங்கால்கள் இரண்டும் பேசி முடிவெடுத்த நாளில் நான் ஓய்வு பெற்றேன்.

வந்த பிள்ளைகளில் ஒருத்தி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “வெளிநாட்டுல போயி ஆர்ட்டிஸ்டா நெலைக்கோணும்னா முக்கியமா என்னங்க மேடம் தெரியோணும்?”

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னால காயிதத்தப் படிக்கத் தெரியோணும் கண்ணு” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கிழவி நக்கல் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நான் சத்தியமாகத்தான் சொன்னேன். அந்த ஒரு பாடத்தைப் படிக்காமல் விட்டதால்தான் எனக்குப் பேர் வந்தது. அந்தப் பேர் என்னுடையதா என்ற கேள்வியும் அதே காகிதத்திலிருந்துதான் வந்தது. பிள்ளைகள் காப்பி குடித்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சேந்தமங்கலம் சாலையில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. நான் சென்னைக்குப் போய் ஓவியம் படித்த ஐந்து வருடத்தையும், பண்ணைக்கு ஏதோ சீக்கு வந்தது போல அப்பா பொறுத்துக்கொண்டார். பிறகு உதவித்தொகை கிடைத்து நெதர்லாந்துக்குப் போனேன். இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அங்கே ஒரு பெரிய ஓவியரிடம் கித்தானுக்கு வெள்ளை பூசும் வேலை கிடைத்தது. நான் பூசிய வெள்ளையின் மேல் அவர் வெள்ளையே தீட்டுவார். என் வேலை எங்கே முடிகிறது, அவருடையது எங்கே தொடங்குகிறது என்று எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். சில நாள் எங்களுக்கும் தெரியாது. படத்தில் அவர் பேர் மட்டும் இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பன்னிரண்டாவது வருடத்தில் எனக்கென்று ஒரு தனிக் கண்காட்சி அமைந்தது. ஒரு துறைமுக நகரத்து அருங்காட்சியகம், சன்னலே இல்லாத ஒரு கூடத்தை எனக்குக் கொடுத்தது. என் குடியிருப்பு அனுமதி அந்த வருடத்தோடு முடிகிறது. இந்தக் கண்காட்சி ஒழுங்காக நடந்தால் அதைக் காட்டி நீட்டிக்கலாம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

என்ன செய்யலாம் என்று ரொம்ப யோசிக்கவில்லை. கோழிப்பண்ணையில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? முட்டையில் ஒரு சுவர். ஒளி புகும் பலகையில் வரிசைக்கு அறுபதாக ஐம்பது வரிசை, மொத்தம் மூவாயிரம் வெள்ளை முட்டை. உள்ளிருப்பதை எடுத்துவிட்டு வெறும் ஓடுகளை ஒட்ட வேண்டும். பின்னாலிருந்து விளக்குப் போட்டால் மூவாயிரமும் பால் போல ஒளிரும். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“மூவாயிரம் முட்டை வேணுங்கப்பா.”

“அதுக்கென்ன, அனுப்பீரலாம்.”

“காலி முட்டைங்கப்பா. உள்ள ஒண்ணும் இருக்கப்படாது.”

அப்பா கேட்டார். “காலி முட்டைய வெச்சு அங்க என்ன பண்ணுவாங்க?”

“பாப்பாங்கப்பா.”

“பாத்துட்டு?”

“போயிருவாங்க.”

“நல்ல ஊரு” என்று சொல்லிவிட்டு, போனைக் கந்தசாமியண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

கந்தசாமியண்ணன் எங்கள் பண்ணையின் லோடுமேன். முட்டை அடுக்கிய அட்டைகளை லாரியில் ஏற்றுவது அவர் வேலை. முப்பது குழி உள்ள அந்தக் காகித அட்டையை ஒரு கைக்கு ஆறாக அடுக்கித் தூக்கிக்கொண்டு பலகை மேல் நடப்பார். “பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் எத்தன லோடு ஏத்தியிருக்கறன். கொறையுதுன்னு ஒரு போன் வந்ததில்லீங்க அம்மிணி” என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையில் ஒரு பொடி வைத்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் விடுப்பில் வந்து, பண்ணைப் பெண்களை வைத்து வேலையைத் தொடங்கினேன். முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் ஓட்டை போட்டு, கோழிக்குத் தடுப்பூசி போடும் சிரிஞ்சால் காற்றை உள்ளே தள்ளினால் கரு மறுபக்கம் வழிந்துவிடும். கழுவிக் காயவைத்து, ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைப்போம். வழிந்த கருவை நாமக்கல்லில் ஒரு பேக்கரிக்காரர் வாளி வாளியாக எடுத்துப்போனார். அந்த மாதம் ஊரில் கேக் நன்றாக இருந்ததாகப் பேச்சு. கந்தசாமியண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

“ஏனுங்க அம்மிணி, நம்மூருப் பேரப் போட்டு வெறும் ஓட்டயா அனுப்பறது? வாங்கறவன் நாளைக்கு என்னங்க நெனைப்பான்?”

“அவுங்க கேட்டதே வெறும் ஓடுதானுங்கண்ணா.”

“கேப்பாங்க. கேட்டா நாம குடுத்தர்றதுங்களா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டியில் அடுக்கும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். போவதற்கு முன் ஏற்றுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘உள்ளே கரு இல்லை. கழுவிக் காயவைத்த ஓடு மட்டும்’ என்று அதில் இருந்தது. கோழிச்சரக்கு விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் பொல்லாதது. ஈரமாக ஒரு முட்டை கூட உள்ளே போகக் கூடாது.

இனி மார்கிரீட். அந்த அருங்காட்சியகத்தின் பதிவாளர். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளையும் பார்த்துக் குறிப்பெழுதி, போகும்போது அதே நிலையில் போகிறதா என்று சரிபார்ப்பது அவர் பொறுப்பு. இயக்குநரே அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். ஐம்பது வயது, குட்டை முடி, கழுத்தில் ஒரு டார்ச் லைட். ‘அழகு’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

அவருடைய முறைகளைச் சொல்ல வேண்டும். பெட்டி வந்ததும் திறக்க விடமாட்டார். ஒரு நாள் முழுக்கக் கூடத்திலேயே கிடக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்ததற்குக் களைப்பாற நேரம் வேண்டும், அந்த அறையின் சூடும் ஈரமும் அதற்குப் பழக வேண்டும். பேனாவுக்கு உள்ளே அனுமதி கிடையாது, பென்சில் மட்டும்தான். எதையும் இரண்டு கையால்தான் எடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் எடுத்தால், “உன் இன்னொரு கைக்கு வேறு வேலை இருக்கிறதா?” என்று கேட்பார். டார்ச்சைப் பொருளுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார். அப்போதுதான் கீறலுக்கு நிழல் விழும். கீறலோ கறையோ தென்பட்டால் கலைஞரைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

“இது நீங்கள் செய்ததா, நடந்ததா?”

செய்தது என்றால் அது கலை. நடந்தது என்றால் அது சேதம். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். கலைஞர்கள் அவரைக் கண்டால் ஒளிவார்கள். தான் செய்தது எது, தானாக நடந்தது எது என்று பல பேருக்கு உறுதியாகத் தெரியாது.

மூவாயிரம் முட்டைக்கும் அவர் எண் போட்டு, ஒன்றொன்றாகப் பார்த்துக் குறிப்பெழுத ஒன்பது நாள் ஆனது. அவருடைய ஆட்கள் வரிசையாக மெழுகுப் பசையில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். நான் விளக்குக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மார்கிரீட் வந்து, நான் ஏறியிருந்த ஏணிக்குக் கீழே நின்றார்.

“வழியில் இருபத்தெட்டு உடைந்திருக்கிறது. ஆனால் பெட்டியில் ஓர் அட்டை கூடுதலாக இருக்கிறது. அதிலிருந்து எடுத்து ஒட்டலாமா? அவற்றைப் பற்றி உங்களிடம்—”

“ஒட்டுங்கள், ஒட்டுங்கள்” என்றேன், திரும்பிப் பார்க்காமலே. கூடுதலாக ஓர் அட்டை ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கடைசி நாளில் நாற்பத்திரண்டு பக்க அறிக்கையை நீட்டினார். “படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்” என்றார். நான் அதில் பாதியைச் செய்தேன். கையெழுத்திட்டேன்.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில், காலையில், முதல் தடவையாக விளக்கைப் போட்டோம். இயக்குநர் வந்திருந்தார். கோடையிலும் கழுத்தில் துண்டு சுற்றியிருக்கும் மனிதர். சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்தது. வலது கீழ் மூலையில் மட்டும் ஒரு கீற்று இருட்டு. எண்ணிப் பார்த்தால் இருபத்தெட்டு முட்டை ஒளிரவே இல்லை. கரிக்கட்டை போலக் கிடந்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். “இத்தனை ஒளிக்குள் இந்தச் சின்ன இருட்டு! இதை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!” என்றார்.

முட்டையை வெளிச்சத்தில் காட்டினால் கறுப்பாகத் தெரிவது எது என்று எங்கள் பண்ணையில் தீவனம் அள்ளும் ஆளுக்குக் கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பாராட்டுக் காதில் விழும்போது புத்தி கொஞ்சம் அயர்ந்து தூங்கிவிடுகிறது. நான் தலையைக் குனிந்து, பெரிய மனுஷி மாதிரி, “ஆமாம், யோசித்துத்தான் செய்தேன்” என்றேன். பின்னால் மார்கிரீட் நின்றிருந்தார். பென்சிலைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மார்கிரீட் என்னைச் சரக்கறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைத் திறந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அந்த நாற்றத்தை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பேன். அழுகிய முட்டை வெடித்த நாற்றம். கூடுதல் அட்டையில் ஒட்டியது போக மிச்சம் இருந்த இரண்டில் ஒன்று, அறையைச் சூடாக்கும் குழாய்க்குப் பக்கத்தில் இருந்து வெடித்துவிட்டது. அதன் கூடப்பிறந்த இருபத்தெட்டும் சுவரில், விளக்குச் சூட்டில்.

மார்கிரீட் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. அறிக்கையைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ‘எண் 2973 முதல் 3000 வரை: முனையில் ஓட்டை இல்லை. கனமாக இருக்கின்றன. கலைஞரிடம் கேட்கப்பட்டது. ஒட்டச் சொன்னார். அவர் விருப்பம் என்று கொள்ளப்படுகிறது.’ கீழே என் கையெழுத்து. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ‘அட்டையில் கிடைத்தது, மொழி தெரியவில்லை’ என்று குறித்திருந்தார். பண்ணை ரசீதின் பின்பக்கத்தில் கோணல் எழுத்தில் தமிழில் ஒரே சொல். ‘ஒடசலுக்கு.’

“இது நீங்கள் செய்ததா, நடந்ததா?” என்று கேட்டார் மார்கிரீட்.

அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. “நடந்தது” என்றேன்.

“எனக்கு முதல் முட்டையைத் தூக்கியபோதே தெரியும்” என்றார். “என் அப்பாவும் கோழிப்பண்ணைதான் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போவதற்கு முன் தினம் இருநூறு முட்டையை விளக்கில் காட்டிப் பிரிப்பேன். நேற்று அந்த இருட்டைப் பார்த்ததும் எத்தனை நாள் தாங்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் ஏணியில் இருந்தீர்கள்.”

ஊருக்குப் போன் போட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் கந்தசாமியண்ணன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

“அண்ணா, அந்தப் பொட்டியில நல்ல முட்டைய வெச்சீங்களா?”

“ஆமாங்க அம்மிணி, ஒரு அட்ட. வந்து சேந்துருச்சுங்களா?”

“ஏனுங்கண்ணா அப்படிப் பண்ணுனீங்க?”

“ஏனுங்க, எந்த லோடா இருந்தாலும் ஒடசலுக்கு ஒரு அட்ட சேத்தி வெக்கறதுதானுங்களே. இல்லீன்னா இத்தன வருசம் கொறையுதுன்னு போன் வராம இருக்குமுங்களா?”

பொடி அங்கேதான் இருந்தது. “சரி, வெச்சீங்க. காலி முட்டையா வெக்கக் கூடாதுங்களா?”

அவர் குரல் மாறிவிட்டது. ஏதோ கேட்கக் கூடாததை நான் கேட்டுவிட்டது போல. “ஒடசலுக்குப் போய்க் காலி முட்டைய வெக்கறதுங்களா? அதெப்படீங்க அம்மிணி? ஒடஞ்சதுக்கு ஈடு நல்ல முட்டைதானுங்க. எத்தன ஒடஞ்சுதுங்க?”

“இருவத்தெட்டு.”

“அப்பப் பத்துச்சுங்களே” என்றார், நிம்மதியாக.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சரக்கறை வாசலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மார்கிரீட் காத்திருந்தார். நான் அவரிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர், “சரியாகத்தான் சொல்கிறார்” என்றார்.

சுவரிலிருந்து இருபத்தெட்டையும் இறக்க வேண்டும். மார்கிரீட்டின் சட்டப்படி சுவரை விட்டு இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வெளியேற்றச் சீட்டு எழுதியாக வேண்டும். இருபத்தெட்டு அழுகல் முட்டைக்கு இருபத்தெட்டு சீட்டு எழுதினார். ஒவ்வொன்றையும் இரண்டு கையால் ஏந்தி, நானும் அவரும் முன்னும் பின்னுமாக நடந்து, பின்வாசல் முற்றத்தில் கொண்டுபோய் வைத்தோம். எதிரில் வந்த காவலாளி பெரிய பொக்கிஷம் போகிறதென்று நினைத்துச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். பத்தொன்பதாவது முட்டை மார்கிரீட்டின் கையுறையிலேயே வெடித்தது. சட்டை, டார்ச் லைட், குட்டை முடி, எதையும் விடவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்து, ‘எண் 2991: இல்லை’ என்று எழுதினார்.

காலி இடத்தில் எதை வைப்பது? வேறு காலி முட்டை என்னிடம் இல்லை. அந்த ஊர்ச் சந்தையில் முட்டை வாங்கி ஊதிக் காலி செய்திருக்கலாம், மூன்று நாள் இருந்தது. ஆனால் கந்தசாமியண்ணனின் குரல் காதில் நின்றது. ‘ஒடஞ்சதுக்கு ஈடு நல்ல முட்டைதானுங்க.’ மார்கிரீட்டின் தம்பி பண்ணையிலிருந்து அன்று காலை இட்ட வெள்ளை முட்டை இருபத்தெட்டு வந்தது. ஒட்டி விளக்கைப் போட்டோம். வெற்று ஓடெல்லாம் வெள்ளையாக ஒளிர, அந்த இருபத்தெட்டு மட்டும் உள்ளே மஞ்சள் கரு நிழலாட, இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தன. ஊர்க்கோடியில் வரிசையாக அடுப்பு எரிகிற மாதிரி இருந்தது. நான் பன்னிரண்டு வருடம் தேடியது அதுதான். பார்த்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

இயக்குநர் வந்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். “இருட்டை உயிராக மாற்றிவிட்டீர்கள்! எப்படி இந்த யோசனை வந்தது?” என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால், ஈர முட்டையைக் கடல் கடந்து கொண்டுவந்ததையும் சொல்ல வேண்டும். படிவத்தில் என் கையெழுத்து. அனுமதி போய்விடும், கண்காட்சியும் போய்விடும். “தானாக வந்தது” என்றேன். அதுகூட முழுப் பொய் இல்லை பாருங்கள்.

மார்கிரீட் அறிக்கையைத் திருத்தி எழுதினார். ‘எண் 2973 முதல் 3000 வரை: நல்ல முட்டை. வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும்.’ அடுத்த கட்டத்தில் ‘யோசனை யாருடையது’ என்று இருந்தது. பென்சிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கூடத்துக் கூரையைப் பார்த்தேன். அவர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு அறிக்கையை மூடினார்.

அந்தச் சுவர் ஏழு நகரங்களுக்குப் போனது. எனக்கு அனுமதி கிடைத்தது, பேர் கிடைத்தது, பிறகு வந்த வேலைகளெல்லாம் அந்தப் பேரில் வந்தவைதான். இருபத்தெட்டு நல்ல முட்டைக்கு என்ன அர்த்தம் என்று மேடை மேடையாகப் பேசினேன். முதல் நாள் பயத்தில் சொன்ன பொய்யைப் பிற்பாடு பழக்கத்தில் சொன்னேன். வெள்ளையின் மேல் வெள்ளை பூசிய அந்தப் பெரிய ஓவியர் மேல் எனக்கு எரிச்சல் இருந்தது என்றேன் அல்லவா? நான் அவரை விடப் பெரிய ஆளாகிவிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

சேலத்துப் பிள்ளைகள் வந்துபோன அதே வாரத்தில் அந்த அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. சுவரை நிரந்தரமாக வைக்கப் போகிறார்கள், பழைய ஓடுகளைப் புதிதாக ஒட்டப் போகிறார்கள். மார்கிரீட்டும் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய பதிவாளர் எழுதியிருந்தார்: ‘அறிக்கையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக உள்ளது. நிரப்பித் தரவும். வேறு யாருக்கும் பங்கு இருந்தால் அவர் ஒப்புதலும் வேண்டும்.’

படிவத்தையும் சுவரின் படத்தையும் எடுத்துக்கொண்டு கந்தசாமியண்ணன் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தொட்டுவிட்டார். தோள் மட்டும் இன்னும் லோடுமேன் தோள்தான். நடந்ததைச் சொன்னேன், மேடையில் பேசியது உட்பட. “உங்க யோசனைய என்ற யோசனைன்னு சொல்லீட்டனுங்கண்ணா. இப்ப உங்க பேரப் போடோணும்” என்றேன். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன், அழுவார் என்றும் எதிர்பார்த்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் இருந்த படத்தை விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“அம்மிணி, எம் பேர மட்டும் போட்டறாதீங்க.”

“ஏனுங்கண்ணா? தன்னடக்கமெல்லாம் வேண்டாமுங்க.”

“அடக்கமும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. முட்டையெல்லாம் தலகீழா நிக்குதுங்களே! கூர்ப்பக்கம் மேல இருக்குது பாருங்க. கூர்ப்பக்கம் கீழதானுங்க இருக்கோணும். அகலப்பக்கந்தானுங்க மேல. அங்கதான காத்து நிக்கும். ஒரு முட்ட மாறி இருந்தாலும் நாங்க எடுத்துத் திருப்பி வெச்சுட்டுத்தான் லாரி எடுக்க உடுவோம். மூவாயிரத்தையும் கவுத்தி வெச்சுப்போட்டு அதுல எம் பேருன்னா, நாலு பேரு என்னைய என்னங்க நெனைப்பாங்க?”

“காலி முட்டைதானுங்கண்ணா. எந்தப் பக்கம் இருந்தா என்ன?”

“இருவத்தெட்டு காலி இல்லீங்களே” என்றார்.

பண்ணையில் பிறந்தவள் நான். ஏழு நகரத்தில், அத்தனை வருடம், நாமக்கல் முட்டையைத் தலைகீழாக நிறுத்தி வைத்து அதற்கு அர்த்தம் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து பழைய அறிக்கையின் நகலை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. ‘கூர்முனை மேல்நோக்கி ஒட்டச் சொல்லப்பட்டுள்ளது. வழக்கத்துக்கு மாறானது. கலைஞர் விருப்பம் என்று கொள்ளப்படுகிறது.’ மார்கிரீட் முகம் கண் முன்னால் வந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

எப்படியும் புதிதாக ஒட்டத்தானே போகிறார்கள்? எல்லா முட்டையையும் கூர்முனை கீழே இருக்கும்படி ஒட்டச் சொல்லி எழுதினேன். புதிய பதிவாளர் காரணம் கேட்டார். லோடுமேன் சொல்கிறார் என்று எழுதினேன். இன்னொரு சின்ன வேண்டுகோளையும் கடைசி வரியில் சேர்த்தேன். அதற்கு அவர் காரணம் கேட்கவில்லை.

போன வாரம் புதிய சுவரின் படம் வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். கந்தசாமியண்ணன் மேல் வரிசையில் தொடங்கி, உதடு அசைய எண்ணிக்கொண்டே, வரிசை வரிசையாக இறங்கினார். டீ ஆறிப்போயிற்று. படிவத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது. இருபத்தெட்டு நல்ல முட்டைக்கு ஒரு முட்டை இந்தப் பக்கம், வெற்று ஓட்டின் மேல்.

“அம்மிணி, இந்த ஒண்ணு மட்டும் தலகீழா நிக்குது.” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஏனுங்க, இது வேணும்னே வெச்சதுங்களா, தானா ஆயிப்போச்சுங்களா?”

அது மார்கிரீட்டின் கேள்வி. அந்தக் கேள்வியை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

“வேணும்னே வெச்சதுங்கண்ணா” என்றேன். “நான் செஞ்சது அந்த ஒண்ணுதானுங்க.”

பேனாவை வாங்கினார்.

“அப்பச் சரிங்க. அது உங்க பேருல இருக்கட்டும்” என்று சொல்லி, காலியாக இருந்த கட்டத்தில், அந்தப் பழைய கோணல் எழுத்திலேயே, தன் பேரை எழுதினார்.